நேர்மையான பதிப்பாளருக்கு நான்கு பொய்கள்

இறந்துபோன கணவர் தும்மிவிட்டார்.

ஒரு தும்மலோடு நின்றிருந்தால் இருமல் என்றோ கதவுச் சத்தம் என்றோ சமாளித்திருக்கலாம். அவருக்கு எப்போதும் மூன்றாகத்தான் வரும். சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கம் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் போட்டுத் தீர்த்தார். அந்தப் பக்கம் அவர் மனைவி கைபேசியைப் பிடித்தபடி கண்ணாலேயே அவரைச் சுட்டார். மறுமுனையில் இருந்த பதிப்பாளர் அம்மாள் மூன்றையும் கேட்டுவிட்டார்.

"பக்கத்துல யாரும்மா?"

மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியை. பொய் சொல்லும் பிள்ளைகளைப் பிடித்துப் பழகியவரே தவிர, தானே சொல்லிப் பழகியவர் அல்ல. வாயில் வந்ததைச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர்தாங்க."

இறந்துபோன கணவர் பாய்ந்து வந்து இணைப்பைத் துண்டித்தார்.

"என்ன சொல்லிட்டே? நான் செத்துட்டேன்ல?"

"செத்தவர் தும்மலாமாங்க? அந்தம்மா எவ்வளவு தன்மையாப் பேசினாங்க தெரியுமா? எனக்கே அழுகை வந்துடுச்சு."

அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு ஆய்வாளர். எரியாத கடைக்கு இழப்பீடு கேட்பவர்கள், திருட்டுப் போகாத நகைக்கு அழுபவர்கள், உயிரோடு இருக்கும் மாமனாருக்கு மாலை போட்டவர்கள் என எல்லோரையும் பிடித்துக் கொடுத்தவர். அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். அவருக்கும் அது பிடித்திருந்தது, தன் முதல் புத்தகம் வெளியாகும்வரை.

அது ஒரு சிறுகதைத் தொகுப்பு. மின்னூலாகப் போடுகிறோம், உலகம் முழுக்கப் படிப்பார்கள் என்று சொன்ன ஒரு பதிப்பகத்திடம் கொடுத்தார். புத்தகம் வந்தது. உலகம் முழுக்க வந்தது. அட்டையில் வேறு ஒருவருடைய புகைப்படமும் வேறு ஒருவருடைய பெயரும் இருந்தன. பதிப்பகத்தின் தொலைபேசி எண்ணில் இப்போது ஒரு குளிர்சாதனப்பெட்டி பழுதுபார்ப்பவர் எடுக்கிறார். மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், சல்லடையிலேயே ஓட்டை விழுந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார். சல்லடை என்றாலே ஓட்டைதானே சார் என்று காசாளர் திருத்தினார். அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

இப்போது அவர் கையில் நாவல் இருந்தது. அறுநூறு பக்கம். யாராலும் ஏமாற்ற முடியாத ஓர் ஆய்வாளரைப் பற்றியது. வாலிபத்தின் மிச்சம் மீதி எல்லாம் அதில்தான் போயிருந்தது. இதையும் ஒருவன் தூக்கிக்கொண்டு போனால் எழுதுவதை விடுவதா, வேலையை விடுவதா என்பதுதான் அவருக்கு மிஞ்சும் கேள்வி. ஆகவே இந்தத் தடவை பதிப்பகத்தை முதலில் விசாரிப்பது, பிறகுதான் நாவலைக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார்.

விசாரணையில் பல பதிப்பகங்கள் முதல் நாளே விழுந்தன. ஒருவர் நாவலை அனுப்பிய பத்தாவது நிமிடத்தில் அழைத்து, கடைசி அத்தியாயத்தில் கண் கலங்கிவிட்டதாகச் சொன்னார். கடைசி அத்தியாயத்தைச் சல்லடை அனுப்பவே இல்லை. இன்னொருவர் வெள்ளித் திட்டம், தங்கத் திட்டம் என்று விளக்கி, தங்கத்தில் சேர்ந்தால் விருது உறுதி என்றார். மூன்றாமவர் ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போட்ட பிறகு படித்துக்கொள்ளலாம் என்றார். எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். இப்படி ஒரு நாவல் இதுவரை வந்ததில்லை.

மிஞ்சியது இந்த அம்மாள் ஒருவர்தான். அவரைச் சாதாரண முறையில் சோதித்தால் போதாது என்று சல்லடை நினைத்தார். ஏமாற்றுக்காரன் உஷாரான ஆளிடம் ஒழுங்காகத்தான் நடப்பான். ஏமாளியைக் கண்டால்தான் சுயரூபம் காட்டுவான். ஏமாளிகளில் சிறந்த ஏமாளி, கணவரின் கவிதைகளைக் கையில் வைத்திருக்கும் கைம்பெண். மின்னூல் போட்டால் உரிமை யாரிடம் இருக்கும் என்ற கேள்வியில் முடியும் வசனத்தை மனைவிக்கு எழுதிக் கொடுத்து உட்கார வைத்தார். அவர் அதைக் கேட்டு முடித்தார், பதில் வருவதற்குள் தும்மல் வந்துவிட்டது. தும்மலுக்கு மட்டும் வசனம் எழுதவில்லை.

தும்மலைச் சரிசெய்ய மச்சானைக் கூப்பிட்டார். மனைவியின் தம்பி. கைபேசிக் கடை வைத்திருந்ததால் ஆளுக்கொரு எண்ணாகக் கொடுக்க வசதி. கைம்பெண்ணின் தம்பியாகப் பேச வேண்டும். அக்கா துக்கத்தில் இருக்கிறாள், மாமா எதிரில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். மச்சான் கடையிலிருந்து பேசிவிட்டு நேரே வீட்டுக்கு வந்தான்.

"எல்லாம் கச்சிதமா முடிஞ்சுது மாமா. அக்காவுக்கு அவர் தும்மற சத்தம்கூட கேக்குதுன்னேன்."

"அதுக்கு?"

"எனக்கும் கேட்டுச்சே தம்பின்னாங்க."

சல்லடை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நீ என்ன சொன்னே?"

"கவலைப்படாதீங்க, நிறைய பேருக்குக் கேக்குதுன்னுட்டேன்."

மீதியையும் மச்சான் சொன்னான். துக்கத்தில் இருக்கும்போது அவசரப்பட்டுப் புத்தகம் போட வேண்டாம், கவிதைகள் எங்கேயும் ஓடிப்போகாது என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். கவிதை மின்னூல்கள் அதிகம் விற்காது, அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது என்றிருக்கிறார். எழுதியவர்களிடம் தாங்கள் பணம் வாங்குவதில்லை, யாராவது கேட்டால் கொடுக்கவும் வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார். சல்லடையின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று அனுப்பும் பதிப்பாளரை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"அப்புறம், அக்காவைப் பாக்க ஞாயித்துக்கிழமை நேர்ல வராங்களாம்," என்றான் மச்சான். "மனசு கேக்கலையாம். விலாசம் கேட்டாங்க."

"குடுத்தியா?"

"பெரியவங்க கேக்கும்போது எப்படி மாமா இல்லைங்கறது?"

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த அம்மாளைத் தடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இறந்தவரே கதவைத் திறக்க வேண்டியிருக்கும். மற்றவர்களை நம்பியதுதான் தப்பு என்று சல்லடை தீர்மானித்தார். கைக்குட்டையைக் கைபேசியில் சுற்றி, குரலைக் கனமாக்கி, தானே மருத்துவராக அழைத்தார். நோயாளியை இப்போது யாரும் பார்க்கக் கூடாது, குறிப்பாக ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கவே கூடாது என்றார். அந்த அம்மாள் உடனே ஒப்புக்கொண்டார். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார். நீங்கள் எதற்கு மருத்துவர்?

இந்தக் கேள்வியைச் சல்லடை எதிர்பார்க்கவில்லை. சுவரில் பல் மருத்துவமனை கொடுத்த நாள்காட்டி தொங்கியது.

"பல்லுக்கு."

"பல்லுக்கா, டாக்டர்?"

"துக்கத்துல பல்லைக் கடிக்கிறாங்க. அதான் என்கிட்ட வந்தாங்க."

அத்தோடு வைத்திருக்கலாம். ஆனால் விசாரணையில் ஒரு முக்கியமான கேள்வி பாக்கி இருந்தது. அது கிடக்கட்டும், மின்னூல் போட்டால் உரிமை யாரிடம் இருக்கும் என்று பல் மருத்துவர் விசாரித்தார். எப்போதும் எழுதியவரிடம்தான் என்றார் அந்த அம்மாள். விற்பனைக் கணக்கை எழுதியவர் எந்த நேரமும் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். இதில் பல்லுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. அவ்வளவு மரியாதையானவர்.

மனைவி சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்னங்க வேணும்? நாவலைக் குடுத்துட வேண்டியதுதானே?"

நேரில் பார்க்காமல் எந்தக் கோப்பையும் தான் மூடியதில்லை என்றார் சல்லடை.

மறுநாள் இறந்தவரின் நண்பராகக் கிளம்பினார். மிதிவண்டி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை. இரண்டு மேசை, சத்தம் போடும் மின்விசிறி, மூலையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அச்சுப்படி பார்க்கும் பிழைதிருத்துநர். சுவரில் விருதுகள் இல்லை. பிரமுகர்களோடு எடுத்துக்கொண்ட படங்கள் இல்லை. பதிப்பாளர் அம்மாள் யாரோ ஓர் எழுத்தாளரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். போன மாதம் உங்கள் புத்தகத்தை வாங்கியவர்கள் எல்லோருக்கும் உங்கள் குடும்பப் பெயர்தான் இருக்கிறது, வருத்தப்படாதீர்கள் என்று ஆறுதலாகச் சொன்னார். சல்லடைக்கு மெய்சிலிர்த்தது. இப்படி ஒரு உண்மையை எந்த ஏமாற்றுக்காரனும் சொல்ல மாட்டான்.

அந்த அம்மாள் தொலைபேசியை வைத்துவிட்டு, அவருக்குத் தண்ணீர் கொடுத்து, நண்பர் எப்படித் தவறினார் என்று கேட்டார்.

"ஹார்ட்டுங்க. திடீர்னு."

மூலையிலிருந்த பிழைதிருத்துநர் தலையை நிமிர்த்தினார்.

"லாரின்னு சொன்னாரே, அவங்க தம்பி."

இரண்டு உறவினர் இரண்டு சாவு சொன்னால் சல்லடை அந்த இடத்திலேயே கோப்பில் கோடு போட்டுவிடுவார். எத்தனையோ குடும்பங்கள் அவர் முன்னால் இந்த இடத்தில்தான் வியர்த்திருக்கின்றன. இன்று வியர்வை அவருக்கு வந்தது.

"லாரியைப் பாத்ததும் ஹார்ட் நின்னுடுச்சு."

"அப்ப லாரி மோதலையா?"

"மோதறதுக்கு முன்னாடியே போயிட்டார். லாரிமேல தப்பே இல்ல."

பிழைதிருத்துநர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அச்சுப்படிக்குள் குனிந்துவிட்டார். அவர் தோள் குலுங்கியது. நண்பரின் மரணம் எல்லோரையும் இப்படி உலுக்குகிறதே என்று சல்லடை நெகிழ்ந்துபோனார். படியிறங்கும்போது விசாரணை முடிந்துவிட்டது. இவ்வளவு பொய்யைக் கொட்டியும் ஒரு பொய்கூடத் திரும்பி வராத இடம். அன்றே சொந்தப் பெயரில், சொந்த எண்ணோடு, நாவலை அனுப்பினார். உடன் வைத்த கடிதத்தில், மின்னூல் போட்டால் உரிமை யாரிடம் இருக்கும் என்று ஒரு வழக்கத்துக்காகக் கேட்டுவைத்தார்.

பதில் உடனே வரவில்லை. அதுவே அவருக்குப் பெருமையாக இருந்தது. படிக்கிறார்கள், பார், என்று மனைவியிடம் சொன்னார். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம், நம்பகமான பதிப்பகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சாப்பாட்டு இடைவேளை முழுக்க விளக்கினார். காசாளர்கூடச் சிரிக்கவில்லை.

பிறகு பதில் வந்தது. முழுவதையும் படித்தோம், இதை எங்களால் வெளியிட இயலாது, உங்கள் உழைப்புக்கு வணக்கம்.

"அந்தம்மா ஃபிராடா இருக்குமோ மாமா?" என்றான் மச்சான், உதவும் எண்ணத்தோடு.

சல்லடைக்கும் அப்படி நினைக்க ஆசைதான். ஆனால் அந்த அம்மாள் நேர்மையானவர் என்று முத்திரை குத்தியது அவரேதான். அந்த முத்திரை இதுவரை தப்பியதில்லை.

மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "உங்க நாவலைப் பாராட்டினவங்க எல்லாம் ஏமாத்துக்காரங்க. ஏமாத்தாதவங்க ஒருத்தர்தான். அவங்க வேண்டாங்கறாங்க. இதுல கஷ்டமான கணக்கு எதுவும் இல்லீங்க."

இரண்டு நாள் சல்லடை சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் குளிக்கும்போது விஷயம் பிடிபட்டது. அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கைம்பெண், தம்பி, மருத்துவர், நண்பர் எல்லாம் ஒரே வீட்டு ஆட்கள் என்று தெரிந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆளோடு எப்படி ஒப்பந்தம் போடுவது என்று பயந்து நாவலைத் திருப்பியிருக்கிறார்கள். அவருக்கு மனசு லேசானது. தான் ஒரு பொய்யன் என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடிந்தது. நாவல் நன்றாக இல்லை என்பதைத்தான் முடியவில்லை.

ஆகவே நாவலைக் காப்பாற்ற, தன்னைக் காட்டிக்கொடுக்கக் கிளம்பினார்.

பதிப்பாளர் அம்மாள் உள்ளறையில் யாரிடமோ பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தார். சல்லடைக்குக் காத்திருக்கத் தெம்பில்லை. பிழைதிருத்துநரின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். இறந்தது தான்தான் என்றார். லாரி கிடையாது என்றார். மருத்துவர் மன்னிப்புக் கேட்டார், நண்பரும் கேட்டார்.

பிழைதிருத்துநர் பேனாவை மூடி வைத்தார். "அது எப்பவோ தெரியும் சார். உங்க வீட்டம்மா, பல் டாக்டர், அப்புறம் உங்க லெட்டர், எல்லாரும் உரிமை யாருகிட்ட இருக்கும்னு வார்த்தை மாறாம ஒரே கேள்வி கேட்டீங்களே. நீங்க தண்ணி குடிச்சுட்டு இறங்கிப் போனப்புறம் அன்னிக்கு நாங்க வேலையே பாக்கலை."

"அதான் கேக்கறேன்," என்றார் சல்லடை. "என்மேல நம்பிக்கை இல்லாமத்தானே நாவலைத் திருப்பினீங்க? இனிமே ஒரு பொய்கூட வராது. என்னை நம்பச் சொல்லுங்க. நாவலை மறுபடி ஒருதரம் பாக்கச் சொல்லுங்க."

பிழைதிருத்துநர் உள்ளறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, நாற்காலியை அவருக்காக நகர்த்திப் போட்டார்.

"மேடம் உங்களை முழுசா நம்பறாங்க சார். இவ்வளவு மோசமாப் பொய் சொல்றவரால யாரையும் ஏமாத்த முடியாதாம். நாவலைத் திருப்பினதும் அதே காரணத்துக்குத்தான்."