படத்தில் குழி இல்லை

மனித நாகரிகத்தை இரண்டு காலங்களாகப் பிரிக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து. எங்கள் நகராட்சி இணையதளத்தில் புகார் எழுத்தைத் தடிமனாக்க முடியாமல் இருந்த காலம் ஒன்று. முடிந்த காலம் மற்றொன்று. முதல் காலத்திலும் நான் இணையப் பிரிவில் பணியாற்றியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

அப்போது இருந்தது வெறும் வெள்ளைப் பெட்டி. "குழாயில் தண்ணீர் வரவில்லை" என்று எழுதுவார்கள். அவ்வளவுதான். நிறமில்லை, சாய்வெழுத்தில்லை, படமில்லை. இப்படி அலங்காரமே இல்லாமல் வரும் ஒன்றை எப்படிப் பொருட்படுத்துவது? நாங்கள் பொருட்படுத்தவில்லை.

இந்த 'வறட்சி'யை முதலில் உணர்ந்தவர் ஆணையர். மகளின் பிறந்தநாள் அழைப்பைக் கணினியில் தானே வடிவமைத்த மறுநாள் கூட்டம் கூட்டினார். மக்களின் குறைகள் பார்க்க அழகாக இல்லை, அதுதான் நிர்வாகத்தின் பெருங்குறை என்றார். புகார்ப் பெட்டியில் தடித்த எழுத்து, பல வண்ணம், படம் ஏற்றும் வசதி, ஏற்றிய படத்தின் ஓரத்தை வெட்டும் வசதி எல்லாம் வேண்டும் என்றார். எங்கள் பிரிவில் இணையதளத்துக்கு நிரல் எழுதும் பெண் ஒருத்தி உண்டு. எதைச் சொன்னாலும் பதிலுக்கு ஒன்று கேட்பாள் என்பதால் அவளுக்குக் 'கேள்விக்குறி' என்று பெயர் வைத்திருந்தோம். அன்றும் கேட்டாள்.

"எல்லாம் செஞ்சிடலாம் சார். ஆனா வர்றதை யாரு சார் படிப்பாங்க?"

அறையில் நீண்ட அமைதி. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. யாரோ பேனாவை மூடினார்கள், அதுவும் கேட்டது. அந்த அமைதியை 'ஒருமனதான ஒப்புதல்' என்று கூட்டக் குறிப்பில் பதிந்தேன்.

புதிய பெட்டி வந்ததும் ஊரே மலர்ந்தது. குப்பை அள்ளாததைப் பற்றி ஒருவர் வானவில் நிறங்களில் எழுதினார். தெருநாய் துரத்துவதாக வந்த புகாரில் நாய் அத்தனை லட்சணமாக இருந்ததால் அதைத் தளத்தின் முகப்பிலேயே வைத்தோம். கொசுத் தொல்லை பற்றிய படத்தில் கொசுவின் கால் வரிகூடத் தெரிந்தது. கேமராவைப் பாராட்டிப் பதில் அனுப்பினோம்.

இந்தப் பொற்காலத்தில்தான் தையல்கடைக்காரம்மா வந்து சேர்ந்தார். விளக்குக் கம்பத்தை இடம் மாற்றியவர்கள், அதன் குழியை மட்டும் அவர் கடைவாசல் நடைபாதையிலேயே விட்டுச் சென்றிருந்தார்கள். அவருடைய மாமனாருக்குப் பார்வை மங்கல். மருமகளுக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு தினமும் கடைக்கு வருபவர் அவர்தான். விழுந்துவிடப் போகிறாரே என்ற பயத்தில் அந்த அம்மா குழியருகே ஒரு முக்காலியைப் போட்டு, அதில் சிவப்புத் துணியைக் கட்டிவைத்தார். பிறகு எங்களுக்கு எழுதினார்.

முதல் புகாரில் தலைப்பு தடித்த எழுத்தில் இல்லை. திருப்பி அனுப்பினோம். இரண்டாவதில் படம் பக்கவாட்டில் படுத்திருந்தது. அதையும் திருப்பினோம். அடுத்ததைப் படம் பெரிதாக இருப்பதாகச் சொல்லிப் பெட்டியே திருப்பிவிட்டது. அதற்குள் அது எங்கள் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொண்டிருந்தது. ஒருநாள் அந்த அம்மா கழுத்தில் அளவெடுக்கும் டேப்போடு நேரிலேயே வந்துவிட்டார்.

"குழி சின்னதுதான் சார். ஃபோட்டோதான் பெருசா இருக்காம்," என்றார்.

படத்தைச் சிறிதாக்கும் விதத்தைக் கேள்விக்குறி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். புகார் ஏற்கப்பட்டது. குழியே தூர்ந்துபோனதுபோல் எங்கள் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் நம்பிக்கை வீண்போகவில்லை. எங்கள் முகப்பில் படம் அகலமாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும். அவர் அனுப்பியதோ உயரமான படம். ஆகவே கீழ்ப்பகுதியை வெட்டினேன். கீழ்ப்பகுதியில்தான் குழியும் முக்காலியும் இருந்தன. மிஞ்சியது மாலை வெயிலில் ஒரு தெரு, தையல்கடையின் பெயர்ப்பலகை, மேலே கொஞ்சம் மேகம். ஆய்வு செய்ய வேண்டிய பொறியாளர் படத்தை நெடுநேரம் ரசித்தார். 'குழி எதுவும் காணப்படவில்லை. குறை நீங்கியது' என்று எழுதினார். ஒரு கூடை மண்கூடச் செலவாகவில்லை.

அம்மா மறுபடி வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"குழி அங்கேயேதான் இருக்கு சார்."

"படத்துல இல்லையேம்மா."

"நான் அனுப்பினதுல இருந்துச்சு."

"அது நீங்க அனுப்பின படம். இது நாங்க ஏத்துக்கிட்ட படம்."

"எங்க மாமனாருக்குக் கண்ணு சரியா தெரியாது. உங்களுக்கு என்ன சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் உடல்நலத்தில் பொதுமக்கள் காட்டும் அக்கறையை எண்ணி நெகிழ்ந்தேன்.

இந்த முறைக்கு ஆணையர் 'ஓரச் சீரமைப்புத் திட்டம்' என்று பெயரிட்டு எல்லாப் பிரிவுகளுக்கும் விரிவாக்கினார். குப்பை மேடுகள் மறைந்தன. உடைந்த குழாய்கள் ஒழுகுவதை நிறுத்தின. நிலுவையில் ஒரு புகாரும் இல்லை. வந்த படங்களிலேயே சிறந்ததாகத் தையல்கடைத் தெருவின் படம் தேர்வாகி, அந்தத் தெருவுக்கு 'மாதிரித் தெரு' என்ற பட்டம் கிடைத்தது. பட்டத்தைச் சொல்லும் பலகையை அங்கேயே நடுவது என்று முடிவாயிற்று.

பலகை நட ஒரு குழி வேண்டும். இருக்கிற குழியிலேயே நட்டால் என்ன என்று கேட்டாள் கேள்விக்குறி. குழி இல்லை என்று சான்றளித்திருந்த பொறியாளருக்கு முகம் வாடிவிட்டது. இல்லாத குழியில் எப்படி நடுவது? ஆகவே பக்கத்திலேயே புதிதாக ஒன்று தோண்டினார்கள். பலகை வந்தபோது அதற்குக் கால்களே இல்லை. சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுக் கைதட்டிக் கலைந்தார்கள்.

மாமனாருக்குப் பழைய குழி பழகிப்போயிருந்தது. முக்காலியைக் கையால் தொட்டு, சுற்றிக்கொண்டு வந்துவிடுவார். அன்றும் முக்காலியைத் தொட்டார். சுற்றினார். புதியதில் காலை விட்டார்.

கணுக்கால் பிசகியதோடு போயிற்று. முழங்கால்வரை குழிக்குள் நின்றபடி, சாப்பாட்டுப் பாத்திரத்தைச் சிந்தாமல் ஒரு கையில் உயர்த்திப் பிடித்திருந்தார். மருமகள் அவர் தோளைத் தாங்கியிருந்தார். துணி தைக்கக் கொடுக்க வந்த யாரோ அதைப் படமெடுத்திருக்கிறார்கள். அந்தப் படம் எங்களுக்கு வந்தது. தலைப்பு தடித்த எழுத்தில் இருந்தது. படம் நேராக இருந்தது. அளவும் சரி. திருப்பி அனுப்ப ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தலைப்பு இதுதான்: "இதை எங்கே வெட்டுவீர்கள்?"

கேள்விக்குறி பக்கத்தில் நின்று பார்க்க, படத்தைத் திரையில் திறந்தேன். பிறகு நான் குழியை வெட்டினேன்.

"பாதி மனுஷனா நிக்கிறாரு சார்."

உண்மைதான். ஒரு பெரியவரை அரைகுறையாக முகப்பில் காட்டுவது மரியாதையல்ல. அவரையும் வெட்டினேன். தாங்கிப் பிடித்த மருமகளின் கை மட்டும் ஓரத்தில் அந்தரத்தில் நீண்டிருந்தது.

"அந்தக் கையாவது இருக்கட்டும் சார்," என்றாள், மெதுவாக.

அவள் கேள்வியாக எதுவும் கேட்கவில்லை. ஆகவே பதில் சொல்ல வேண்டிய கடமையும் எனக்கு இல்லை. கையையும் வெட்டினேன்.

வானம் மட்டும் மிஞ்சியது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் அதில் ஒரு பழுதும் தெரியவில்லை. எங்கள் பராமரிப்பில் இல்லாதது அது ஒன்றுதான்.