ஆறுமணிக் குருவியும் என் அத்தையும்

காலை மணி ஐந்து ஐம்பது. தல்லாகுளம் பக்கத்துப் பூங்காவில் நான் முதலில் பார்த்தது பறவையை அல்ல. வெள்ளை வேட்டியில் நடந்துகொண்டிருந்த ஓர் அகன்ற மீசையை.

எங்கள் ஊரில் பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையை அவனுக்குத் தெரியாமல் வந்து பார்ப்பார்கள். தெரியாமல் என்பது பேச்சுக்குத்தான். முந்தின நாளே அக்கா போன் செய்துவிட்டாள்.

"பொண்ணு வீட்டுல யாரோ பார்க்குக்கு வாராகளாம்டா. யாருன்னு தெரியல. ஒண்ணும் தெரியாத மாதிரி இரு. அந்தக் குழாயத் தூக்கிட்டுத் திரியாத."

குழாய் என்றால் என் பைனாகுலர். ஏற்கெனவே இரண்டு வரன்கள், 'பத்திரிகை ஆபீஸ், ராத்திரி வேலை' என்று தட்டிப்போயிருந்தன. இந்தப் பெண்ணோடு ஒரே ஒருமுறை போனில் பேசியிருந்தேன். "ஆறுமணிக் குருவியப் பாத்தா எனக்கும் சொல்லுங்க" என்றிருந்தாள். பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பறவை. ஆறு மணியை ஒட்டிக் கத்தும். ஆகவே குழாயைத் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

வேட்டி கட்டிக்கொண்டு யார் நடைப்பயிற்சிக்கு வருவார்? வேவு பார்க்க வந்தவர் இவர்தான் என்று முடிவு கட்டினேன் (செய்தியாளன் மூளை!). கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னேன்.

"சிகரெட் பழக்கம் இல்லைங்கய்யா."

"நான் கேக்கலையே தம்பி."

"குடியும் கிடையாது."

"சந்தோசம். அதுக்கு நான் என்ன செய்யணும்?"

கெட்டிக்காரர், பிடி கொடுக்கவில்லை என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் புதருக்குள் ஆறுமணிக் குருவியின் இரட்டை விசில். தரையில் சருகு கிளறும் பறவை அது. மாப்பிள்ளைக் களையெல்லாம் மறந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு குப்புறப் படுத்துவிட்டேன். பைனாகுலரில் ஒரு பச்சை முதுகு தெரிந்தது. பின்னால் யாரோ வளையல் குலுங்கக் கைதட்டிக்கொண்டே வந்தார்கள். ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம்.

திரும்பாமலே சொன்னேன்: "யக்கா, ரெண்டு நிமிசம் சும்மா இருக்க மாட்டீங்களா? வீட்டுல போயித் தட்டுங்க."

"பார்க்கு என்ன உங்கப்பன் வீட்டுதா? எம்புட்டு நேரமா பாத்துக்கிட்டே வாரேன், போறவன் வாறவனுக்கெல்லாம் பெஞ்சு தொடச்சுக்கிட்டு, இப்ப பல்லி மாதிரி படுத்துக்கிட்டு..."

குருவி பறந்துவிட்டது. குரல் சட்டென்று தணிந்தது.

"ஏப்பா, பேப்பர் ஆபீசு மாப்ள நீதான?"

சட்டையில் ஒட்டிய சருகைத் தட்டிக்கொண்டே எழுந்தேன். பெஞ்சிலிருந்த மீசைக்காரர் எனக்காகப் பரிந்து பேசினார்: "நல்ல பையன்தாம்மா. குடியெல்லாம் இல்லையாம்."

வந்தவர் பெண்ணின் அத்தை. அன்று மாலை அக்கா போனில் அழாத குறை. "பக்கத்துல நிக்கிற ஆளே தெரியல, பையனுக்குக் கண்ணு கோளாறுன்னு சொல்லிட்டாகடா. எல்லாம் போச்சு."

இரவு, ஆபீசில் மறுநாள் பேப்பருக்குப் பக்கம் முடிக்கும் அவசரத்தில் இருந்தபோது அந்தப் பெண்ணே கூப்பிட்டாள்.

"அத்தை கண்டபடி பேசுறாங்க. அத விடுங்க. குருவியப் பாத்தீங்களா?"

"முதுகு மட்டும்."

"அப்ப அடுத்த வாரம் நானும் வாரேன்."

தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. அத்தை இன்றுவரை என்னிடம் நேராகப் பேசுவதில்லை. நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதும், "அவருக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்று என் மனைவியிடம்தான் சொல்கிறார்.