நனையாத உடுப்பு

சவிரிமுத்து உயிரோடு பிழைக்க வேண்டுமென்றால், மனைவி சிசிலி ஒரு தடவை கத்த வேண்டும். அவ்வளவுதான். "ஐயோ, இந்தக் குளிருக்குள்ள ஆத்துக்கோ? நான் விடமாட்டன்" என்று ஒரேயொரு கத்தல். உயிரும் மானமும் சேர்ந்து தப்பிவிடும்.

வினை வாயால் வந்தது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஒக்ரோபர் கடைசி. குடிபெயர்ந்து வந்த குளிர்நாட்டில், சென்ட் லோரன்ட் என்ற இடத்தில் அவர் வேலை செய்த தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில், மார்செல் என்ற வெள்ளைக்காரன் ஆற்றுக்கடியில் மூழ்கித் தாண்டு கிடக்கும் கப்பலைச் சுழியோடிப் பார்த்த கதையைச் சொன்னான். சவிரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "நான் மன்னார். சங்கு குளிச்ச ஆள்" என்று விட்டார். மார்செல் எழுந்து கை குலுக்கினான். சனிக்கிழமை காலை வந்து ஏற்றிப் போவதாகச் சொல்லி, விருப்பமானதைப் போடும்படி சுழியோடிகள் போடும் இரண்டு வகை உடுப்புகளையும் கொடுத்துவிட்டான்.

மன்னார் உண்மை. சங்குதான் பொய். அவருக்கு நீந்தவே தெரியாது. பெண் பார்க்கப் போன அன்று சிசிலியிடமும் இதே பொய்யைத்தான் சொன்னார். இருபது வருடமாக அதற்குச் சோறு போட்டு வளர்த்தும் வந்தார். இனி அவளிடம் உண்மையைச் சொல்வதைவிட ஆறே மேல்.

வெள்ளி பின்னேரம், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவர்களுடைய வீட்டுச் சோபாவில் இரண்டு கறுப்பு உடுப்புகளும் செத்தவீட்டுக்கு வந்தவர்கள்போலப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"சிசிலி, நாளைக்கு நான் ஆத்துக்குள்ள இறங்கப்போறன்."

"ஓம். சாப்பிட்டிட்டுப் போங்கோ."

கத்தல் வரவில்லை. சவிரிமுத்து இன்னும் கொஞ்சம் பயம் காட்டினார்.

"இது நனையிற உடுப்பு. ஐஸ் தண்ணி உள்ளுக்கு வரும். பேந்து உடம்புச் சூட்டில அதுவும் சூடாகுமாம்."

"உடம்பு சூடாக்காட்டி?"

"விறைச்சுச் சாகவேண்டியதுதான்" என்றார், ஆசையோடு.

"மற்றது?"

"அது நனையாத உடுப்பு. கழுத்திலயும் கையிலயும் றபர் இறுக்கிப் பிடிக்கும். சொட்டுத் தண்ணி போகாது. ஆனா இழுத்துப் பூட்டுற சிப் முதுகில, தோளுக்குக் குறுக்கால. இன்னொராள்தான் பூட்டித் திறக்க வேணும். நனையிறதுக்கெண்டா சிப்பில நீளக் கயிறு இருக்கு. நானே இழுப்பன்."

சிசிலி கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். மற்றதன் முதுகைத் திருப்பிப் பார்த்தாள்.

"நனையாததைப் போடுங்கோ. எனக்குப் புருசன் வேணும்."

சவிரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பாசம்! அந்தப் பாசம் ஆற்றுக்குள்ளல்லவா கொண்டுபோய் விடுகிறது!

சனிக்கிழமை காலை சிசிலி தேத்தண்ணி கொடுத்தாள். குளிருக்கு நல்லதென்று இன்னொன்றும் கொடுத்தாள். பிறகு அவரை உடுப்புக்குள் புகுத்தி, முதுகில் முழங்கையை ஊன்றிச் சிப்பைப் பூட்டினாள். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி தன் வேலையைத் தொடங்கியது.

"சிசிலி, ஒருக்காத் திறவும். உள்ளுக்குப் போகவேணும்."

"மார்செல் வாற நேரம். சங்கு குளிக்கேக்க எப்பிடி அடக்கினனீங்கள்?"

"அது... அது வேற கடல்."

"எவ்வளவு ஆழம் போனனீங்கள்?"

"சிசிலி, திறவுமப்பா!"

"ஆழத்தைச் சொல்லுங்கோ."

தெருவில் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. சவிரிமுத்து கால்களைப் பின்னிக்கொண்டு சுவரிலிருந்த மாதாவைப் பார்த்தார்.

"நான் சங்கும் குளிக்கேல்லை, ஒண்டும் குளிக்கேல்லை. எனக்கு நீந்தவே தெரியாது. மாதாவாணை! திற!"

சிசிலி திறந்தாள். அவர் பறந்தார்.

திரும்பி வந்தபோது முகத்தில் தெளிவும் கவலையும் சரிபாதியாக இருந்தன.

"கீழ நிக்கிற மார்செலுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"அவர் வரேல்லை. ஹோர்ன் அடிச்சது வேற ஆரோ. உங்களுக்கு நெஞ்சுச்சளி எண்டு நேற்று ராவே எங்கட மகளைக் கொண்டு போனில பிரெஞ்சில சொல்லுவிச்சுப்போட்டன்."

"அப்ப உமக்கு முதலே தெரியுமோ?"

"பொம்பிளை பாத்திட்டுப் போன மற்றக் கிழமையே உங்கட அக்கா சொன்னவ. தம்பிக்குக் கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கவும் பயம் எண்டு. நீங்களாச் சொல்லுவியள் எண்டு இவ்வளவு காலமும் பாத்தன்."

சவிரிமுத்து கதிரையில் இருந்தார். எல்லாம் போயிற்று. ஒரேயொரு ஆறுதல்தான் மிச்சம்.

"எண்டாலும், எனக்குக் குளிரக்கூடாது எண்டுதானே சிசிலி நனையாததைப் போடச் சொன்னனீர்?"

சிசிலி உடுப்பை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"இல்லையப்பா. மற்றதில கயிறு இருந்தது."