தீர்த்தமாடிய இஞ்சின்

காரைக்கால் தலத்தெரு நாகராஜ் ஒரு ரயில் ஓட்டுநர். இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அவருக்கு ரயில்வே இருக்கிறது, இஞ்சின் இருக்கிறது, மேலதிகாரிகள் தேவைக்கு மேலேயே இருக்கிறார்கள். ஒரு சின்னக் குறைதான். அவர் இதுவரை ரயில் ஓட்டியதில்லை.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் வலையும் கயிறும் மிதவையும் விற்கிற கடை அவருடையது. கடையை மச்சினன் பொறுப்பில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் அவர் வேறு ஆள். அகில உலகக் காரைக்கால் மெய்நிகர் ரயில்வேயின் ஓட்டுநர்.

ரயில் ஓட்டும் விளையாட்டைத் தனியாகவும் விளையாடலாம். ஆனால் தனியாக விளையாடினால் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் தள்ளியதும் வண்டி போய்விடுகிறது. அதில் என்ன மரியாதை இருக்கிறது? ஆகவே உள்ளூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற காரைக்கால்காரர்கள் இணையத்தில் ஒன்றுகூடி, பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்கால் வரைக்கும் கம்ப்யூட்டருக்குள் ஒரு பாதை போட்டார்கள். ஒருவர் ஓட்டுவது, ஒருவர் சிக்னல் கொடுப்பது, ஒருவர் கொடி காட்டுவது, மற்றவர்கள் பெட்டியில் ஏறிப் பயணம் செய்வது என்று ஏற்பாடு.

ஆரம்பத்தில் எல்லோருமே ஓட்டுநர்களாகத்தான் சேர்ந்தார்கள். பிறகு சிக்னலில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்தார். வண்டியை ஓட்டுவதைவிட நிறுத்தி வைப்பதில் சுகம் அதிகம். விஷயம் பரவியது. ஆளாளுக்கு அதிகாரி ஆனார்கள். பாதை ஆய்வு அதிகாரி, பாதை ஆய்வை ஆய்வு செய்யும் அதிகாரி, விசில் ஒலி அளவு அதிகாரி. மிச்சம் இருந்த ஒரே ஓட்டுநர் நாகராஜ். அவர் பேரளத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி மாதக் கணக்கில் நின்றுகொண்டிருந்தார்.

இத்தனை பேருக்கும் தலைவர், பொது மேலாளர் திருஞானசம்பந்தம். சுரக்குடிக்காரர். ஒரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருக்குத் தெரியும், அவருடைய நாக்குக்குத் தெரியாது.

இப்படி இருக்கையில் ஒருநாள் நாகராஜின் மனைவி கனகம், முறத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்னங்க, உங்க வண்டி இன்னுமா கிளம்பல?"

"அனுமதி வரணும் கனகம்."

"கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற வண்டிக்கு யாருங்க அனுமதி தரணும்?"

"மேலிடம்."

"மேலிடம் என்ன, மொட்டை மாடியிலயா இருக்கு? இதோ பாருங்க. வர்ற சனிக்கிழமை வண்டி காரைக்கால் வந்து சேரணும். என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா இந்தக் கம்ப்யூட்டர் என் தம்பிகிட்ட போயிடும். கடையில பில்லு போட ஒண்ணு வேணும்னு அவன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

கனகம் சொன்னால் சொன்னதுதான். அவளுக்கு மேலே எந்த மேலிடமும் கிடையாது. நாகராஜ் அன்றைக்கே கூட்டத்தில் ஹெட்போன் வழியாகக் கெஞ்சினார். திருஞானசம்பந்தம் கனிந்தார்.

"ஓட்டுநரின் குடும்ப நலனை முன்னிட்டு சனிக்கிழமை வண்டி இயக்கப்படும். ராகு காலம் தவிர்த்து நேரம் குறிக்கவும்."

பேரளம் ஸ்டேஷன் மாஸ்டர் ஹரிஹரன் குறுக்கிட்டார். அவர் ஸ்டேஷன் பேரளத்தில் இருந்தாலும் குடியிருப்பு பாரிஸில்.

"சார், எந்த ஊரு ராகு காலம்? நான் இங்க பாரிஸ்ல இருந்து கொடி காட்டுறேன். என் கை ராகு காலத்துல இருந்தா, அங்க வண்டி உருப்படுமா?"

"நியாயமான ஐயம். பாரிஸ் ராகு காலமும் விலக்கப்படும். முகம்மது இப்ராஹிம், நீங்க?"

இப்ராஹிம் திருமலைராயன்பட்டினத்துக்காரன். சிங்கப்பூரில் வேலை. சிக்னல் பொறுப்பு அவனிடம்.

"எனக்கு ராகு காலமெல்லாம் இல்ல சார். தொழுகை நேரம் மட்டும் விட்டுடுங்க."

"ராகு காலம் ஆள் பாத்து வர்றதில்ல தம்பி, ஊருக்குப் பொதுவா வர்றது. சிங்கப்பூர் ராகு காலத்தையும் சேத்துக்குங்க. எமகண்டத்தை விட்டுட்டா தணிக்கையில மாட்டிக்குவோம், அதையும் சேருங்க."

மூன்று ஊர் ராகு காலம், மூன்று ஊர் எமகண்டம், தொழுகை நேரம் எல்லாம் கழித்து, பாரிஸ்காரர் தூங்குகிற நேரமும் சிங்கப்பூர்காரன் வேலை செய்கிற நேரமும் கழித்துப் பார்த்தால், பிற்பகலில் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் மிஞ்சியது.

"அது இயலாது. அந்த நேரம் நிர்வாகக் காரணங்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கு" என்றார் திருஞானசம்பந்தம்.

"என்ன காரணம் சார்?"

"நான் படுத்துத் தூங்குறது."

நாகராஜ் மறுபடியும் கெஞ்சினார். பொதுநலன் கருதி, முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு, பொது மேலாளரின் தூக்கம் ஒருநாள் ஒத்திவைக்கப்பட்டது.

சனிக்கிழமை வந்தது. முதல் ஓட்டம் என்பதால் அதிகாரிகள் அத்தனை பேரும் பெட்டிகளில் ஏறி உட்கார்ந்தார்கள். ஹரிஹரன் கொடியைக் காட்டிவிட்டுத் தானும் ஓடி வந்து தொற்றிக்கொண்டார். சிக்னல் பச்சையானது. நாகராஜ் கைப்பிடியைத் தள்ளினார்.

வண்டி நகர்ந்தது.

இரண்டு பக்கமும் வயல்கள் ஓடின, வாய்க்கால் வந்து வந்து போனது, தண்டவாளம் தடதடவென்று பேசியது. பின்னால் நாற்காலி போட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கனகம்கூட, "பரவால்ல, போவுதே" என்றாள். அவளிடமிருந்து வந்த பாராட்டு. நாகராஜுக்குக் கண் கலங்கியே விட்டது.

அந்த சந்தோஷம் திருநள்ளாறு வரைக்கும் நீடித்தது.

"நிறுத்துங்க" என்றார் திருஞானசம்பந்தம். "சனிக்கிழமையும் அதுவுமா திருநள்ளாறு வந்துட்டு, தீர்த்தமாடாம போறதா? இஞ்சினைக் கழட்டி வாஷிங் லைனுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டுங்க."

"எண்ணெய் தேச்சில்ல குளிக்கணும்?" என்று நினைவூட்டினார் ஹரிஹரன்.

"இஞ்சின்ல ஆயில் இருக்குங்க" என்றார் நாகராஜ் அவசரமாக.

அதிகாரிகள் ஆலோசித்து, அதை ஏற்றுக்கொண்டார்கள். இஞ்சின் கழற்றப்பட்டுக் குளித்தது. பழைய துணியைக் களைய வேண்டும் என்பதற்காக நீல நிறத்தை மாற்றிச் சிவப்புச் சாயம் பூசப்பட்டது. ஈரம் சொட்டச் சொட்ட மெயின் லைனுக்கு வந்து, பெட்டிகளுக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் நின்றது.

"இனி நேரா போகலாம். ஒரு விஷயம். தீர்த்தமாடினதும் திரும்பிப் பாக்கக் கூடாது. பின்பக்கக் கேமராவை அணைச்சுடுங்க."

"சார், பெட்டிய மாட்டணும். மாட்டணும்னா இஞ்சின் பின்னால போகணும்."

"கூடாது."

"பின்னால போகாம எப்படி சார் மாட்டுறது?"

ஹெட்போனில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அலுவலகங்களில் மட்டுமே கேட்கக் கிடைக்கிற சத்தம் அது. பிறகு தொண்டையைக் கனைக்கிற சத்தம்.

"இஞ்சின் தீர்த்தமாடிய நிலையில், மரபுக்கும் இயக்க விதிகளுக்கும் ஊறு நேராவண்ணம், பெட்டிகள் இணைக்கப்பட்டதாகக் கருதப்படும்."

"கருதுனா வந்துடுமா சார்?"

"நாகராஜ், நான் சர்வீஸ் பூராவும் கருதியே காலம் தள்ளினவன். குளம் வெட்டுனதா கருதினோம். ரோடு போட்டதா கருதினோம். எது நின்னுபோச்சு? ஜனங்க அந்த ரோட்டுல நடந்துதானே போறாங்க?"

நாகராஜ் திரும்பிக் கனகத்தைப் பார்த்தார். அவள் கீரையை முடித்துவிட்டாள். காம்புகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. கைப்பிடியைத் தள்ளினார்.

"நாகராஜண்ணே, சிக்னல் பச்சை" என்று இப்ராஹிமின் குரல் வந்தது. "ஆனா மேப்ல பாத்தா..."

"மேப்பைப் பாக்காத தம்பி."

"ஏண்ணே?"

"அதுவும் திரும்பிப் பாக்குற கணக்குதான்."

பெட்டிகளின் பாரம் இல்லாத இஞ்சின் காற்றாகப் பறந்தது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே காரைக்கால் நிலையத்துக்குள் நுழைந்து மூச்சு வாங்கியது.

"காரைக்கால் வந்தாச்சு சார்" என்றார் நாகராஜ்.

ஹெட்போனில் கைதட்டல் அதிர்ந்தது. அது திருநள்ளாற்றிலிருந்து வந்த கைதட்டல்.

"அபாரம்!" என்றார் ஹரிஹரன். "ஒரு குலுக்கல் உண்டா, ஒரு சத்தம் உண்டா? பாரிஸ்லகூட இப்படி வண்டி கிடையாது. ஆனா சார், சன்னல்ல பாத்தா திருநள்ளாறு பிளாட்பாரம் மாதிரியே தெரியுதே?"

"எல்லா பிளாட்பாரமும் ஒரே மாதிரிதான் இருக்கணும். அதுக்குப் பேருதான் நிர்வாகம்" என்றார் திருஞானசம்பந்தம்.

நகராத பெட்டியில் இருந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியாததில் வியப்பில்லை. சேர்ந்த நாள் முதலாக அவர்கள் நகர்ந்தே பழகியதில்லை.

கனகம் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"பெட்டியெல்லாம் எங்கங்க?"

"பின்னால இருக்கு. கருதிக்க."

"ஓஹோ!" என்று இடுப்பில் கை வைத்தாள். "நாளைக்குத் தம்பி வந்து கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போவான். உங்ககிட்டயே இருக்கறதா நீங்களும் கருதிக்குங்க."

நாகராஜ் ஹெட்போனைக் கழற்றினார். இழுத்த இழுப்பில் வயர் பிடுங்கிக்கொண்டு, ஸ்பீக்கர் வழியாகத் திருஞானசம்பந்தத்தின் குரல் வீடு முழுக்க ஒலித்தது.

"...இந்த வெற்றியை முன்னிட்டு, முதல் பெட்டி இனி அதிகாரிகளின் குடும்பத்தாருக்கு ஒதுக்கப்படுகிறது. சிக்னல் அதிகாரி இப்ராஹிமின் துணைவியார் ஷஃபீனா அவர்களுக்கு சன்னலோர இருக்கை வழங்கப்பட்டது."

கனகத்தின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

"எந்த ஷஃபீனா? என்கூடப் படிச்சாளே, பட்டினத்து ஷஃபீனாவா?"

"அவங்கதான்."

"அவளுக்கு சன்னலோரமா?"

"கனகம், அந்தப் பெட்டி திருநள்ளாத்துலதான் நிக்குது. நகரவே நகராது."

"நகந்தா என்ன, நகராட்டா என்ன? அவ உக்காந்திருக்கா இல்ல? ஓட்டுன வீட்டுக்கு ஒரு சீட்டு இல்லியா? நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?"

நாகராஜ் பேசினார். கம்ப்யூட்டர் வீட்டிலேயே தங்கியது. பில் போடுவதற்கு மச்சினன் வேறு ஒன்று வாங்கிக்கொண்டான்.

அந்தப் பெட்டிகள் இன்றைக்கும் திருநள்ளாற்றில்தான் நிற்கின்றன. நேரம் தவறாமல் காரைக்கால் வந்து சேர்வதாகக் கருதப்படுகின்றன. ஏறுவதற்கு ஊரே அடித்துக்கொள்கிறது, சிபாரிசு இல்லாமல் இடம் கிடைப்பதில்லை. உங்களுக்கு வேண்டுமானால் சொல்லுங்கள், நாகராஜுக்கு இப்போது மேலிடத்தில் கொஞ்சம் செல்வாக்கு உண்டு. சன்னலோரம் மட்டும் கேட்காதீர்கள். ஒன்றில் ஷஃபீனா இருக்கிறாள், எதிரில் கனகம்.