மாட்யூல் பட்டியலை அடுக்கிய குற்றம்

மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகன் எழுதிக்கொள்வது. நீங்களும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமா என்பது இன்னும் தெரியவில்லை. பல் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். உள்தாழ்ப்பாள் போட்டாயிற்று. வெளியே சிவப்பு விளக்கு எரிகிறது. அது எரியும்வரை யாரும் வர மாட்டார்கள்.

இங்கே இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் என் மூன்று மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நிரந்தரமா, வீடா என்று பெரிய டாக்டர் இன்று சொல்வார். அவருடைய நோயாளிகளுக்குப் பல்செட் செய்து தரும் நீங்கள் “பையன் பொறுப்பானவன்” என்று சொன்னதால்தான் சேர்த்துக்கொண்டார். அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

மருத்துவமனையின் இணையதளம் பல மாட்யூல்களால் ஆனது. ஒன்று நோயாளி விவரங்களை வைத்திருக்கும். ஒன்று நேரம் ஒதுக்கும். ஒன்று செய்தி அனுப்பும். தளத்தைக் கிளப்பும்போது அவை ஒவ்வொன்றாக ஏறும். எது முதலில், எது பின்னால் என்று ஒரு கோப்பில் பட்டியல் இருக்கிறது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் எழுதியது. எதை எழுதினாலும் தலைப்பில் ‘ஜாக்கிரதை’ என்று போடுவாராம். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. இந்தப் பட்டியலிலும் போட்டிருந்தார்: ‘ஜாக்கிரதை. வரிசையை மாற்றாதே.’

மாற்றினேன்.

நேற்று மாலை வேலை ஒன்றும் இல்லை, பட்டியல் தாறுமாறாக இருந்தது, மடிக்காத போர்வையைப் பார்ப்பது போல உறுத்தியது, எல்லாவற்றையும் ஆங்கில அகரவரிசையில் அடுக்கினேன், பார்க்க லட்சணமாக இருந்தது, தளத்தை நிறுத்தி மறுபடி கிளப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன் சித்தப்பா, அதுதான் இப்போது நெஞ்சை அடைக்கிறது, ஏனென்றால் முதலில் ஏறவேண்டிய ‘செட்டிங்ஸ்’ கடைசிக்குப் போய்விட்டது, செய்தி அனுப்பும் ‘ரிமைண்டர்’ அதற்கு முன்னால் ஏறிவிட்டது, யாருக்கு என்ன நேரம் என்று சொல்ல ஆள் வருவதற்குள் அது தனக்குத் தெரிந்த ஒரே நேரத்தை நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பிவிட்டது. ‘நாளை காலை ஒன்பது மணி. பல் பிடுங்குதல்.’

இங்கே நாற்காலிகள் மூன்று.

எட்டரைக்கே படிக்கட்டு அடைத்துக்கொண்டது. வரவேற்பு மேசை அக்கா என்னைப் பார்த்ததும், “வாய்யா ராசா, என்ன பண்ணி வச்சிருக்க? ஊரே கன்னத்துல கைய வச்சுக்கிட்டு நிக்குது” என்றார். வரிசையின் முன்னால் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். வாயை அகலத் திறந்து காட்டினார். “நல்லாப் பாரும்மா, ஒண்ணுகூட இல்ல. எதப் புடுங்கப் போறீங்க?” பின்னாலிருந்து ஒரு பெண், “அப்ப நகருங்க பெரியவரே, எனக்கு இருக்கு” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. நானும்.

பட்டியலைப் பழையபடி மாற்றினேன். போன செய்திகள் திரும்பி வரவில்லை. ஜாக்கிரதை அண்ணனுக்குப் பதினோரு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. பிறகு ஒரு காகிதத்தில் ‘குற்றம் என்னுடையது’ என்று எழுதி, டாக்டரிடம் சேர்க்கச் சொல்லி அக்காவிடம் நீட்டினேன்.

“குடுத்தா வேலை போயிரும்டா. நெசமாவே குடுக்கவா?”

“குடுத்துருங்கக்கா.”

அந்தக் குரல் என்னுடையதா என்று இன்னும் சந்தேகம்.

வேலை போனால் அப்பாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். டாக்டர் உங்கள்மேல் பாய்ந்தால், இப்படி ஒரு பையனையே தெரியாது என்று சொல்லிவிடுங்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கதவைத் தட்டுகிறார்கள். கனமான தட்டு. டாக்டர்தான்.

சித்திக்கு வணக்கம். தங்கைக்கு அன்பு. உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும். இன்று மட்டும் கொஞ்சம் சீக்கிரமாக வேண்டும்.

எக்ஸ்ரே அறையிலிருந்து,
உங்கள் மகன்

பி.கு.: கதவைத் திறந்தேன். டாக்டர் கட்டிப்பிடித்தார். “செஞ்ச தப்பை ஒத்துக்க ஒரு நெஞ்சு வேணும்பா” என்று எல்லோர் முன்னாலும் கைகுலுக்கினார். வேலை நிரந்தரம், உத்தரவு என் பையில் இருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்து ஜாக்கிரதை அண்ணன் கூப்பிட்டார். “அந்தப் பட்டியலா? அதத் தளம் படிக்கிறதே இல்ல தம்பி. உன்ன மாதிரி ஆளுங்க நோண்டுறதுக்குன்னே வச்சது. நெசப் பட்டியல் வேற எடத்துல இருக்கு.” யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நேற்று மாலை, யாரோ ஒருவருடைய நேரத்தை மாற்றப்போய், எல்லா நோயாளிகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து மறுநாள் ஒன்பது மணி, பல் பிடுங்குதல் என்று போட்டுச் சேமித்தவர் பெரிய டாக்டர். இது அவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. கைகுலுக்கியபோது மட்டும், என் கையைக் கொஞ்சம் அதிக நேரம் விடாமல் வைத்திருந்தார்.