மெத்தைக் கடையில் ஆறு பேர்

அன்று அந்தக் கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். என் மனைவி சாந்தி. மொழிபெயர்க்க வந்த மகள் ஆரணி. கடைக்காரப் பொடியன், சுவிஸ்காரன், நல்ல உயரம். பிறகு வந்து சேர்ந்த எங்கள் கோயில் பொருளாளர் சிவபாதம் அண்ணை. அவருடைய மனைவி ராணியக்கா.

நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சுவிஸில், கூர் நகரத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவுகிறேன். சட்டி கழுவ வாய் தேவையில்லை. ஆனால் இதை நானே சொல்லத்தான் வேண்டும். (மற்ற ஆட்கள் கூட்டிச் சொல்லித் திரிகிறார்கள்.)

சாந்திக்கு முதியோர் இல்லத்தில் வேலை. எழும்ப முடியாதவர்களைத் தூக்கி, திருப்பி, நோகாமல் படுக்க வைக்க வேண்டும். அதில் அவளுக்கு நாரி, அதுதான் இடுப்பு, போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியாது. டொக்டர் ஊசி போட்டார். மெத்தையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டி வரும் என்றும் சொன்னார்.

எங்கள் மெத்தை, ஹோட்டலில் கழித்து விட்டதை நான் தூக்கி வந்தது. நடுவில் ஒரு குழி. குழி என்னுடையது.

"மெத்தையில என்ன கிடக்கு? வந்த புதுசில நான் பெட்டி மட்டையில படுத்தனான்" என்று சொல்லிச் சொல்லியே கடத்தினேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை மகள் எங்களைக் காரில் ஏற்றிவிட்டாள்.

கடையில் ஒன்று நுரை மெத்தை, ஒன்று லேடெக்ஸ், ரப்பர் பாலில் செய்தது. நான் பாண் வாங்கும்போது அழுத்துவதுபோல் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். நுரையில் விரல் அடையாளம் நின்று மெல்ல மறைந்தது. லேடெக்ஸ் உடனே திருப்பித் தள்ளியது.

"காணும். நுரையை எடுப்பம். மலிவு" என்றேன்.

பொடியன் ஏதோ கேட்டான். ஆரணி சிரித்தாள்.

"அப்பா, நீங்கள் விரலாலயோ நித்திரை கொள்ளுறனீங்கள் எண்டு கேக்கிறார். படுத்துப் பாக்கட்டாம்."

சப்பாத்தைக் கழற்றினேன். இடது காலுறையில் ஓட்டை. கைகளை நெஞ்சில் வைத்து நேராகப் படுத்தேன்.

"அப்பா, செத்தவீடு மாதிரிக் கிடக்காதேங்கோ."

அம்மாவும் பக்கத்தில் படுக்க வேண்டும், இரண்டு பேரின் பாரமும் சேர்ந்தால்தான் தெரியும் என்றான் பொடியன். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கலியாண வீட்டில் படம் எடுக்கும்போதுகூட நாங்கள் இடையில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விடுகிற ஆட்கள்.

"தேவையில்லை. அவவுக்கும் சேர்த்து நான் சொல்லுவன்" என்றேன்.

"அம்மா சரிஞ்சு படுக்கிறவவோ, நிமிர்ந்தோ எண்டு கேக்கிறார்."

"நிமிர்ந்து" என்றேன். கோயிலில் சத்தியம் செய்வதுபோல் சொன்னேன்.

கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற சாந்தி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"நான் எங்க கட்டிலில படுக்கிறன்? நீங்கள் குறட்டை விடத் தொடங்கினா எழும்பிப் போயிடுவன். அந்தக் குழிக்குள்ள உருண்டு உருண்டு ஏலாது. முன்னறையில பிள்ளையின்ர யோகாப் பாயில படுக்கிறன். ரெண்டு வருசமா."

ஆரணி அதை அப்படியே ஜெர்மனில் சொன்னாள். ஒரு சொல் விடவில்லை. பொடியன் என்னைப் பார்த்தான். பிறகு மரியாதைக்கு நிலத்தைப் பார்த்தான்.

அவள் விடிய முதலில் எழும்புவது சுறுசுறுப்பு என்று நான் நினைத்திருந்தேன். நாள் முழுக்க மற்ற ஆட்களை மெத்தையில் கிடத்திவிட்டு வந்து அவள் நிலத்தில் படுத்திருக்கிறாள். அன்று எனக்கு வந்த வெட்கம் பிறகு நடந்ததால் வந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது அந்த இடத்திலேயே வந்துவிட்டது.

நுரையை விட்டு லேடெக்ஸ் கட்டிலுக்குப் போய் ஒரு ஓரமாகப் படுத்தேன்.

"வாரும். படும்" என்றேன்.

அவள் கைப்பையோடேயே படுத்தாள். இருவரும் கூரையைப் பார்த்தபடி கிடந்தோம். வாசல் கதவு திறந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். கோயிலில் மைக் இல்லாமலே அறிவித்தல் சொல்கிற குரல். சிவபாதம் அண்ணை.

நான் எழுந்து நின்றிருக்கலாம். படுத்தபடி வணக்கம் சொல்லியிருக்கலாம். அழகுக்கு விரித்திருந்த தடித்த போர்வையை இழுத்து இரண்டு பேரின் தலையையும் மூடினேன்.

"என்ன செய்யிறியள்?"

"உஷ். சிவபாதம் அண்ணை."

"அதுக்கு?"

"கதையாதையும்."

போர்வைக்குள் சாந்தி காலை நீட்டினாள்.

"இஞ்சேருங்கோ. நாரி நோகேல்லை."

"பிறகு சொல்லும்."

"உண்மையா நோகேல்லை. ஆடாமல் கிடவுங்கோ."

வெளியே அண்ணையின் குரல் கிட்ட வந்தது. "பிள்ளை, தனியவோ வந்தனீர்? அப்பா அம்மா எங்கை?"

"இஞ்சதான்... எங்கயோ" என்றாள் ஆரணி. அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"இது நல்ல தடிப்பமாக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே அண்ணை கட்டிலில் இருந்தார். இருந்தது என் முழங்காலில். அவர் சின்ன ஆள் இல்லை. நான் கத்தினேன். ராணியக்கா அதைவிடப் பெரிதாகக் கத்தினார். பொடியன் ஓடிவந்து போர்வையை எடுத்தான்.

தலை கலைந்து நான். நெஞ்சில் கைப்பையோடு சாந்தி. ஓட்டைக்கு வெளியே என் பெருவிரல்.

அண்ணை அவசரமில்லாமல் பார்த்தார்.

"தம்பி, வீட்டில இடமில்லையோ?"

"இடம் இருக்கு அண்ணை. குழி" என்றேன். (அந்த நேரம் வேறு சொல் வரவில்லை.)

சாந்தி எழும்பவே இல்லை. படுத்தபடியே அக்காவிடம் சுகம் விசாரித்தாள். பிறகு, "இதைத்தான் எடுக்கிறம்" என்றாள். எடுத்தோம். யோகாப் பாய் மகளிடம் திரும்பப் போய்விட்டது. சாந்தி வேலையை விடவில்லை. அவள் சரிந்து, சுவர்ப் பக்கம் பார்த்துப் படுக்கிறவள். இப்போது தெரியும்.

கடை வாசலில் வைத்து, "இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது" என்றேன். எல்லாரும் ஓம் என்றார்கள். பொடியனும் தலையாட்டினான்.

நாங்கள் வீடு போய்ச் சேர முதலே ராணியக்கா சொல்லிவிட்டார். தேர்த் திருவிழாவில் அண்ணை, "தம்பி களைச்சுப்போனார், ஒரு போர்வை குடுங்கோ" என்று சனத்துக்கு முன்னால் சொன்னார். மகள் சிநேகிதிகளுக்குச் சொன்னாள். சாந்தி முதியோர் இல்லத்தில் தெரிந்த ஜெர்மன் மொழியில், நடித்தே காட்டினாளாம். எங்கள் குசினித் தம்பி ஒருவன் மெத்தை வாங்கப் போனபோது, போர்வைக்குள் ஒளிந்த ஆளைத் தெரியுமா என்று அந்தப் பொடியன் கேட்டிருக்கிறான்.

மிச்சம் நான் ஒருவன்தான் வாய் திறக்காமல் இருந்தேன். இன்றைக்கு நானும் எழுதிவிட்டேன்.

கடையில் இருந்தது ஆறு பேர். வெளியே சொன்னது ஆறு.