கூடைக்கயிறு ஜாக்கெட்டின் காவல்காரி

இரத்தினபுரி மாவட்டத்தில் மாணிக்கக் கல்லை வாய்க்குள் ஒளித்துக்கொண்டு போகிறவர்கள்கூட எங்கள் போர்வை அக்கா அளவுக்குப் பயந்து நடந்திருக்க மாட்டார்கள். அவர் மடியில் இருந்தது கல் அல்ல, யாராவது ஒருத்தியின் சாரி ஜாக்கெட்.

தைத்து முடித்த ஜாக்கெட்டைப் பேப்பரில் சுற்றி, பேப்பரைத் துவாயில் சுற்றி, அதை இடுப்பில் செருகி, மேலே ஒரு சாம்பல் நிறக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் இறங்குவார். நிவித்திகல வெயிலில் ஆள் வியர்த்துக் கொட்டும். "என்னாக்கா, காய்ச்சலா?" என்று யாராவது கேட்டால், "சத்தம் போடாத. சரசு ஜாக்கெட் போகுது" என்பார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தோட்டத்தில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்கா கொஞ்சக் காலம் வெளியூர் கார்மென்ட் ஒன்றில் வேலை செய்தவர். அங்கே சாம்பிள் அறைக்குள் போகும்போதும் வரும்போதும் உடம்பைத் தடவிப் பார்ப்பார்களாம். வெளிநாட்டுக்காரனின் காற்சட்டைப் படம் வெளியே போனால் வேலை போய்விடுமாம். மற்றப் பெண்கள் அங்கிருந்து சேமலாப நிதியும் முதுகுவலியும் கொண்டுவந்தார்கள். இவர் அந்த சாம்பிள் அறையையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

அளவு கொடுக்கப் போனால், முதலில் போனை வாங்கி அரிசி வாளிக்குள் புதைப்பார். பிறகுதான் டேப்பைத் தொடுவார். கண்ணாடியை முகம் மட்டும் தெரிகிற உயரத்தில் மாட்டியிருந்தார்.

"முதுகு எப்படி வந்திருக்குன்னு பாக்கணுங்க்கா" என்று ஒரு தடவை கெஞ்சினேன்.

"உன் முதுக நீ பாத்து என்னா செய்யப்போற? அது மத்தவங்க பாக்குறதுக்கு."

"அப்ப மத்தவங்க பாத்துக் காப்பியடிச்சா?"

அக்காவின் முகம் சுருங்கிப் போனது. "அதான் புள்ள எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது" என்றார்.

இதில் என் நிலைமை இன்னும் மோசம். நான் அப்போது நிவித்திகலவில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டோகொப்பி மெஷினுக்கு முன்னால் நிற்கிற வேலை பார்த்தேன். ஒரே சுவரைப் பகிர்கிற அடுத்த காம்பிராக்காரி என்றாலும் அக்கா என்னை முழுசாக நம்பியதே கிடையாது. "உன்னச் சொல்லிக் குத்தமில்ல, உன் தொழில் அப்படி" என்பார்.

சும்மா வந்த பயமல்ல அது. அக்கா ஜாக்கெட்டுக்கு ஒரு கை வைத்துத் தைப்பார், பலாச்சுளைகளை வரிசையாக அடுக்கின மாதிரி மடிப்பு மடிப்பாக. அந்தக் கை ஒரு நாள் இரத்தினபுரி டவுனில் ஒரு பெரிய கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை மேல் நின்றது. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டார். கடைக்காரர் கோபப்படவே இல்லை. "ஒயாகேத? கோ பேப்பர்?" என்றார். உன்னுடையது என்றால் பத்திரத்தைக் காட்டு என்று அர்த்தம். பலாச்சுளைக்கு யார் பத்திரம் வைத்திருப்பார்கள்?

அங்கிருந்து நேரே ஒரு லோயரிடம் போனோம். அவர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். டிசைனைக் கொழும்பில் அதற்கென்று இருக்கிற அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்தால்தான் காப்பியடித்தவனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். ஆனால் பதிகிறபோது அது புதிதாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் ஊர் உலகத்துக்குக் காட்டியிருக்கக் கூடாது. பலாச்சுளைக் கையைத்தான் தோட்டமே போட்டுக்கொண்டு திரிகிறதே, அது போனது போனதுதான் என்றார்.

அக்கா யோசித்துவிட்டுக் கேட்டார்: "நான் பாக்கலாமா?"

"நீங்க பாக்கலாம்" என்றார் லோயர்.

அன்றிலிருந்துதான் அந்தக் கம்பளி ஏறியது. அதற்குள்ளேதான் கூடைக்கயிறு ஜாக்கெட்டும் பிறந்தது, என் கல்யாணத்துக்காக. கொழுந்துக் கூடையின் கயிறு மாதிரி முறுக்கிய இரண்டு துணிக்கயிறுகள் தோளிலிருந்து குறுக்காக இறங்கி, நடு முதுகில் குட்டிக் கூடை போல ஒரு முடிச்சில் சேரும். கொக்கி, பட்டன் எதுவும் கிடையாது, ஜாக்கெட் நிற்பதே அந்த முடிச்சில்தான். கையைத் தூக்கினாலும் அது இழுபடாமலிருக்க உள்ளே ஒரு சின்னப் பட்டி வைத்து மறைத்துத் தைத்திருந்தார். என் அம்மாவிடம் மட்டும் காட்டினோம். "காலையில இருந்து சொமக்குறது பத்தாதுன்னு கல்யாணத்துக்கும் கூடையா?" என்றார் அம்மா. ஆனால் அந்தக் கயிற்றை விட்டுக் கையை எடுக்கவில்லை.

விண்ணப்பத்துக்குப் படம் வரைந்து எங்கள் கடைக்கே கொப்பி எடுக்க வந்தார் அக்கா. கடையில் நின்ற எல்லோரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். மெஷினுக்கும் எனக்கும் சேர்த்துக் கம்பளியைப் போர்த்தினார். உள்ளே இருட்டில் நான் பட்டனைத் தேடினேன். "இந்த மெசினுக்குள்ள படம் தங்கிருமா புள்ள?" என்று காதோரம் ஒரு நடுக்கக் குரல். தங்காது என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்து கொடுத்தேன்.

எல்லாம் தயார். கொழும்புக்குப் புறப்படவிருந்த அன்று மழை பிடித்தது. மண் சரிந்து பாதை மூடிக்கொண்டது. பாதையைத் திறப்பதற்குள் என் முகூர்த்தம் வந்துவிட்டது.

வேறு ஜாக்கெட் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒனக்குன்னு தச்சது. வேற போட்டா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்" என்றார். போட்டால் டிசைன் வெளியே போய்விடும், போடாவிட்டால் அக்கா போய்விடுவார். கடைசியில் நான் போட்டுக்கொள்வது, முதுகுக்கு அவர் பொறுப்பு என்று முடிவானது. என் தோளைச் சுற்றிச் சால்வையை இறுக்கிப் போர்த்தி, மணவறையில் என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நின்றார். தாலி முடிய வந்த நாத்தனாருக்கே முழங்கையை மடக்கிக்கொண்டுதான் வழி விட்டார். எங்கள் ஆல்பத்தில் என் வீட்டுக்காரரை விட அதிகப் படங்களில் இருப்பவர் போர்வை அக்காதான், எல்லாவற்றிலும் யாரோ துரத்துகிற மாதிரி ஒரு முழி. என்ன மனுஷி இவர் என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, சால்வை நழுவிவிடுமோ என்று பதற்றமாகவும் இருந்தது.

நழுவவில்லை. ஆனால் கலவானையிலிருந்து வந்திருந்த சாந்தி என்ற தையல்காரப் பெண், பந்தியில் என் பின்னால் குனிந்து எதையோ தேடினாளாம். அவள் தேடியது செருப்பு. அக்கா அதை நம்பவில்லை. வீட்டுக்குப் போன கையோடு, தனக்கென்று தைத்து வைத்திருந்த இன்னொரு கூடைக்கயிறு ஜாக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, முதுகைத் தெளிவாகப் படமெடுத்து, தோட்டத்துப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவிலும் பேஸ்புக்கிலும் போட்டுவிட்டார். கீழே எழுதியிருந்தது: "இது எனது டிசைன். யாரும் தைக்கக் கூடாது. மீறினால் வழக்கு."

எச்சரிக்கையாம்! யாரும் கள்ளமாக ஒரு படம் எடுத்திருந்தாலும் அவ்வளவு அழகாக வந்திருக்காது. பொழுது சாய்வதற்குள் அது கலவானையைத் தாண்டி எம்பிலிப்பிட்டிய வரைக்கும் போய்விட்டது. ஆர்டர் கொடுக்க அக்காவிடமே சிங்களப் பெண்கள் படத்தோடு வந்தார்கள். "அக்கே, மே வகே எகக் மஹண்ட புளுவன்த?" இதே மாதிரி ஒன்று தைக்க முடியுமா என்று அக்காவையே கேட்டார்கள்.

மறுபடியும் லோயர். "யார் வெளிய விட்டது?" என்றார்.

"நாந்தாங்க ஐயா. யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு."

லோயர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. நீங்களே காட்டியிருந்தாலும் காட்டியது காட்டியதுதான், இனி அதைப் புதிது என்று பதிய முடியாது என்றார். பிறகு உள்பட்டியைப் பற்றிக் கேட்டார். அது படத்தில் தெரியாது என்றோம். "அப்ப அது ஒன்னுதான் உங்களுக்கு மிச்சம். அதச் சொல்லாம வச்சுக்குங்க" என்றார்.

பஸ்ஸில் அக்கா கம்பளியை மடித்து மடியில் வைத்திருந்தார்.

மிச்சம் என்று லோயர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மற்றவர்கள் தைத்த கூடைக்கயிறு பார்க்க அச்சு அசலாக இருந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் நெகிழ்ந்தது. விஷயம் தெரிந்தவர்கள் மெல்ல மெல்ல அக்காவிடமே வர ஆரம்பித்தார்கள். மெஷின் மறுபடி ஓடியது. போன்கள் அரிசிக்குள் போயின.

அப்போதுதான் அம்மன் கோயில் திருவிழா வந்தது. பால்குடம் எடுக்க ஆற்றங்கரையில் வரிசையாகப் பெண்கள், பாதிப் பேருக்கு மேல் கூடைக்கயிறு, எல்லாம் சாந்தி தைத்தது. குடமெடுக்காத நான் மட்டும் அக்கா தைத்த என் கல்யாண ஜாக்கெட்டில் அவரோடு நின்றேன். அக்கா கடைசியில் நின்று ஒவ்வொரு முதுகாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

தப்பு மேளம் முழங்கியது. பெண்கள் குடத்தைத் தலைக்கு ஏற்றி இரண்டு கைகளாலும் பிடித்தார்கள். கையைத் தூக்கியதும் கயிறு இழுபட்டது. முன்னால் நின்ற ஒருத்தியின் முடிச்சு மெதுவாக அவிழ ஆரம்பித்தது. அடுத்தவளுக்கும் அப்படியே. ஏற்றிய குடத்தைக் கோயிலில்தான் இறக்க வேண்டும், நடுவில் கீழே வைக்கக் கூடாது. கையை எடுக்கவும் முடியாது. வரிசையெங்கும் "ஐயோ, முதுகு! முதுகு!" என்று ஒரு முனகல். பாதையோரமெல்லாம் ஆண்கள், கையில் போன்.

சாந்தி ஊசி நூலோடு ஓடிவந்தாள். அழுகிற மாதிரி இருந்தாள். "அக்கா, நானும் தச்சுத் தச்சுப் பாக்குறேன், நிக்க மாட்டேங்குது. உள்ள என்னாதான் வச்சிருக்கீங்க?"

அக்கா வரிசையைப் பார்த்தார். ஒரு ஊசிக்குத் தாங்காத அளவு முதுகுகள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, லோயர் சொன்னத நெனச்சுக்குங்க. நீங்களே ஊசியப் போட்டு முடிச்சிருங்க, சொல்லிக் குடுக்காதீங்க."

"பொம்பளைங்க மானம் போகுது, புள்ள" என்றார் அக்கா. என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பினார். என் முதுகில் இருந்த முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்து உள்பட்டியை வெளியே எடுத்தார். "சாந்தி, இங்க வா. நல்லா பாத்துக்க. இதக் கயித்துல தைக்காத, துணியில தை. நீ அந்தப் பக்கமிருந்து வா, நான் இந்தப் பக்கமிருந்து வாறேன்."

சாந்தி தயங்கினாள். "அப்ப இனிமே இத நானும் தைக்கலாமாக்கா?"

"தை. ஆனா ரெட்டைத் தையல் போடு. ஒத்தத் தையல் போட்டேன்னு கேள்விப்பட்டேன், கலவானைக்கே வந்து பிரிச்சுப் போட்டுருவேன்."

சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, முதுகில் ஆற்றுக்காற்று படப் படக் கூச்சத்தில் நெளிந்துகொண்டு நின்றேன். திரும்பி அந்த மனுஷியைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அசைந்தால் திட்டுவார் என்று அப்படியே நின்றேன்.